இல்லம் இழந்தோர்க்காகப் பரிந்து பேசியோர்

ஆண்டவர் இயேசு கெரசேனர் பகுதியில் கரை இறங்கியபோது அவரை முதலில் எதிர்கொண்டவன் கல்லறைகளிடையே வாழ்ந்துவந்த ஒரு மனிதன். அவனுக்கு உடையும் இல்லை, உறைவதற்கு வீடும் இல்லை என்று நற்செய்தியாளர் லூக்கா குறிப்பிடுகிறார். ஊரார் அவனை விலங்கிட்டுப் பார்த்தனர், அவன் அவற்றை உடைத்தெறிந்தான் என்கிறார் மாற்கு. அவன் நலம்பெற்று, உடையணிந்து, தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்ததைக் கண்ட ஊரார் மகிழ்ந்தார்களா என்றால், இல்லை. அவர்கள் அஞ்சினார்கள், இயேசுவைத் தங்கள் எல்லையை விட்டுப் போகுமாறு வேண்டிக்கொண்டார்கள்.

இப்பகுதியைப் பேயோட்டிய புதுமையாக மட்டுமே நாம் பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறோம். ஆயின் இதில் மூன்று தரப்பினர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நோயுற்று வீடிழந்தவன் ஒருவன். அவனை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு நிம்மதி அடைந்த ஊரார். அவன் பொருட்டு நின்றவர் ஒருவர். கடந்த நூற்றெண்பது ஆண்டுகால அமெரிக்க வரலாற்றில் மனநோயாளர், வீடற்றோர் ஆகியோரைப் பற்றிய பகுதியை நாம் படித்துப் பார்த்தபோது, இந்த மூன்று தரப்பினரே மீண்டும் மீண்டும் தோன்றக் கண்டோம்.

பரிந்து பேசுதல் என்பது நம் செபங்களில் அடிக்கடி வரும் சொல். அன்னை மரியாவும் புனிதர்களும் நமக்காகப் பரிந்து பேசுகிறார்கள் என்று நம்புகிறோம். மண்ணில் வாழும் சாதாரணக் குடிமக்கள், பேச இயலாத பிறருக்காக நகரசபையிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பரிந்து பேசிய வரலாறு ஒன்றும் உண்டு. அதனைச் சுருக்கமாக இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

சிறைச்சாலையில் ஒரு ஞாயிறு

1841-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை அடுத்த கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு மறைவகுப்பு நடத்தச் சென்றார் ஓர் ஆசிரியை. டொரத்தியா டிக்ஸ் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது 38, உடல்நலம் குன்றியவர், மணமாகாதவர். வகுப்பு முடிந்து சிறையைச் சுற்றிப் பார்த்தபோது, எக்குற்றமும் செய்யாத மனநோயாளப் பெண்கள் கணப்பு இல்லாத அறையில் குளிரில் நடுங்குவதைக் கண்டார். ஏன் இந்நிலை என்று கேட்டதற்கு, பைத்தியங்களுக்குக் குளிர் உறைக்காது என்ற மறுமொழி கிடைத்ததாகச் சொல்வார்கள். அவர் நீதிமன்றத்தை நாடினார். அந்த அறைக்குக் கணப்பு வந்தது.

வேறொருவராக இருந்தால் இந்த வெற்றியோடு மனநிறைவு அடைந்திருப்பார். டிக்ஸ் அம்மையாருக்கோ ஒரு கேள்வி எழுந்தது: ஒரு சிறையில் இப்படியென்றால் மற்ற ஊர்களில் எப்படி? கையில் குறிப்பேட்டுடன் புறப்பட்டார். ஏறத்தாழ ஈராண்டுகள் அம்மாநிலத்தின் சிறைகளுக்கும் ஏழையர் விடுதிகளுக்கும் தனியார் வீடுகளுக்கும் நேரில் சென்றார். கூண்டுகளிலும் நிலவறைகளிலும் தொழுவங்களிலும் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தவர்களைக் கண்டார். கண்டவற்றை ஊர்வாரியாக எழுதினார்.

1843-ஆம் ஆண்டு சனவரியில் இக்குறிப்புகள் ஒரு விண்ணப்பமாக மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. அக்காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அவையில் ஒரு பெண் எழுந்து பேசும் வழக்கமும் இல்லை. எனவே சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற உறுப்பினர் வழியாக அது அளிக்கப்பட்டது. மறுப்பும் வசையும் எழுந்தன. ஆயினும் ஊர்ப்பெயர்களுடன் கூடிய அந்தச் சான்றுகளைத் தள்ளிவிட முடியவில்லை. வூஸ்டர் நகரின் மனநோய் மருத்துவமனையை விரிவுபடுத்தச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாகச் சென்று இதே முறையை அவர் கையாண்டார். முப்பதுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அவர் முயற்சியால் தோன்றின அல்லது விரிவடைந்தன.

அவர் முறையில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, தாமே சென்று பார்த்தல். இரண்டாவது, பார்த்ததை இடமும் நிலையும் குறித்து எழுதிவைத்தல். மூன்றாவது, தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர் கையில் அதைக் கொண்டு சேர்த்தல். வாக்குச்சீட்டுக்கூட இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்த மூன்றும் போதுமாயிருந்தன.

ஒரு பெரிய தோல்வியையும் அவர் கண்டார். மனநோயாளர் முதலியோரின் பராமரிப்புக்காக 1,22,25,000 ஏக்கர் அரசு நிலத்தை ஒதுக்கும் மசோதாவை நாட்டின் இரு அவைகளும் ஏற்றபின், 1854-இல் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அதற்கு ஒப்புதல் மறுத்தார். இத்தகைய அறப்பணி மாநிலங்களுக்கு உரியதே அன்றி நடுவண் அரசுக்கு உரியதன்று என்பது அவர் வாதம். அடுத்த நூறாண்டுகளுக்கு மேல் இந்தச் சுமை மாநிலங்களின் தோளிலேயே நின்றது. டிக்ஸ் அம்மையார் தம் முயற்சியால் எழுந்த டிரென்டன் மருத்துவமனையிலேயே தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1887-இல் உயிர்நீத்தார்.

அடைக்கலம் அடைப்பிடம் ஆனது

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு ஓர் இனிய முன்மாதிரி கிடைத்திருக்கும். ஆயின் அம்மையார் கட்டுவித்த அடைக்கலங்களே காலப்போக்கில் மனிதரை அடைத்துவைக்கும் இடங்களாக மாறின. நோயாளிகள் பெருகினர், பணியாளர் பெருகவில்லை. முதியோரும் ஏழையரும் வேறு இடமின்றி அங்கேயே தள்ளப்பட்டனர். நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் இருந்த பில்கிரிம் மருத்துவமனையில் மட்டும் ஒரு காலத்தில் ஏறத்தாழ 14,000 பேர் இருந்தனர். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5,59,000 பேர்; அவர்களுள் நியூயார்க் மாநிலத்தில் மட்டும் 93,000 பேர்.

இதனையும் வெளிக்கொணர்ந்தவர்கள் சாதாரணக் குடிமக்களே. இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் ஏறத்தாழ 3,000 பேர் மாற்றுப்பணியாக மனநோய் மருத்துவமனைகளில் உதவியாளர்களாக அமர்த்தப்பட்டனர். அமைதி வழியைப் போற்றும் குவேக்கர், மெனோனைட் முதலிய சபைகளைச் சேர்ந்தோர் அவர்களுள் மிகுதி. அடியும் பட்டினியும் அழுக்கும் கண்ட அவர்கள் தாம் கண்டதை எழுதிவைத்தனர். 1946-இல் லைஃப் இதழில் அந்தச் சாட்சியங்களும் படங்களும் வெளிவந்தபோது நாடே வெட்கித் தலைகுனிந்தது.

1954-இல் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து அமெரிக்காவில் புழக்கத்திற்கு வந்தது. நோயாளிகளை வீட்டிலிருந்தே பராமரிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி, 1941-இல் செய்யப்பட்ட மூளை அறுவையால் பேச்சும் நடையும் குன்றிப்போனவர். அக்குடும்பத்தின் வேதனை கென்னடியின் முயற்சிகளுக்குப் பின்னணியாக இருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு மாற்றாக ஊர்தோறும் மனநல மையங்கள் அமைக்கும் சட்டத்தில் 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார். இருபத்திரண்டு நாள்களில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஏறத்தாழ 1,500 மையங்கள் தோன்ற வேண்டும் என்பது திட்டம். எழுந்தவை அதில் பாதி அளவே. ஆனால் மருத்துவமனைகளின் கதவுகள் மட்டும் திட்டப்படி திறந்துவிடப்பட்டன. 1965-இல் வந்த ஏழையர் மருத்துவ உதவித் திட்டம், மனநோய் மருத்துவமனைகளில் இருக்கும் 21 முதல் 64 வயது வரையினர்க்கு நடுவண் அரசின் பணம் கிடையாது என்று விதித்தது. நோயாளியை வெளியே அனுப்பினால் தன் செலவு குறையும் என்பதை மாநில அரசுகள் விரைவில் உணர்ந்துகொண்டன. எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குத்தான் எவரும் விடை வைத்திருக்கவில்லை.

நியூயார்க் நகரத் தெருக்களில்

நியூயார்க் நகரில் அவர்களுட் பலர் மலிவான ஒற்றையறை விடுதிகளில் ஒதுங்கினர். ஓர் அறை, ஒரு கட்டில், பலருக்கும் பொதுவான கழிவறை, அவ்வளவே. 1970-களில் நகரில் நிலத்தின் விலை ஏறியது. அவ்விடுதிகளை இடித்து வசதியான குடியிருப்புகளாக மாற்றியவர்களுக்கு நகராட்சியே வரிச்சலுகை அளித்தது. விடுதிகள் மறைய மறைய, அங்கிருந்தோர் இரயில் நிலையங்களுக்கும் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் வந்து சேர்ந்தனர்.

ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்குரைஞர், பெருநிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். வயது முப்பதுகூட ஆகாதவர். தெருவில் படுத்திருந்தோருடன் அவர் பேசத் தொடங்கினார். ஏன் நகர விடுதிகளுக்குப் போவதில்லை என்று கேட்டார். தெருவைவிட அங்கே அச்சம் மிகுதி என்றனர் அவர்கள். சட்டநூல்களைப் புரட்டிய அவர், நியூயார்க் மாநில அரசியல் சாசனத்தில் 1938-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவைக் கண்டார். வறியோரைப் பேணுவது பொதுக்கடமை என்றும், அதனை மாநிலம் நிறைவேற்ற வேண்டும் என்றும் அது கூறியது. நாற்பதாண்டுகளாக அந்தப் பிரிவு சாசனத்தில் இருந்தது. வீடற்றோர்க்கு இரவில் ஒரு கூரை தரவேண்டும் என்று அதைக்கொண்டு கேட்பார்தான் இல்லை.

1979-இல் அவர் தொடுத்த வழக்கில் முதல் பெயர் ராபர்ட் கேலகன் என்பது. கேலகன் முன்பு உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். பின்பு பவரி என்னும் தெருவில் உறங்கியவர். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள், வீடற்ற ஆண்களுக்கு உறைவிடம் தரவேண்டும் என்று நீதிபதி ஆன்ட்ரூ டைலர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். 1981 ஆகஸ்டில் இரு தரப்பினரும் ஏற்ற இசைவுத் தீர்ப்பு கையெழுத்தானது. அதன் பின்னிணைப்பு நம் கவனத்திற்குரியது. கட்டிலின் அகலம் 30 அங்குலத்திற்குக் குறையக்கூடாது. தூய விரிப்பு, போர்வை, தலையணை வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கழிவறை, பத்துப் பேருக்கு ஒரு குளியல் வசதி வேண்டும் என்று அது வகுத்தது. மனித மாண்பு என்று நாம் மறையுரைகளில் எளிதாகச் சொல்லிவிடுவதை, அங்குலக் கணக்கில் எழுதிவைத்த தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பைக் காண ராபர்ட் கேலகன் உயிரோடு இல்லை. 1980-ஆம் ஆண்டிலேயே அவர் தெருவில் இறந்துபோனார்.

அதே 1981-இல் எலன் பாக்ஸ்டர், கிம் ஹாப்பர் என்னும் இரு ஆய்வாளர்கள் தெருவாழ் மனிதரைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டனர். இரவுகளில் இரயில் நிலையங்களிலும் வீதிகளிலும் அவர்களோடு பேசிச் சேர்த்த செய்திகள் அதில் இருந்தன. டிக்ஸ் அம்மையாரின் குறிப்பேடு ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் ஆகியும் பழுதுபடாத கருவி என்பதை இது காட்டியது. வீடற்றோர்க்கான கூட்டமைப்பு ஒன்று உருவாகி, நகர விடுதிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பினை ஏற்றது. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் அதே உரிமை அடுத்தடுத்த வழக்குகளால் விரிவாயிற்று.

ஆனால் வெற்றியின் நிழல் விரைவிலேயே தெரிந்தது. உத்தரவுக்குப் பணிந்த நகராட்சி வார்ட்ஸ் தீவில் இருந்த மனநோய் மருத்துவமனையின் கட்டடம் ஒன்றை வீடற்றோர் விடுதியாகத் திறந்தது. ஒரு காலத்தில் நோயாளி என்று சேர்க்கப்பட்டவர், மருத்துவமும் இன்றி, வீடற்றவர் என்ற புதுப்பெயரோடு அதே வளாகத்தில் படுக்க நேர்ந்தது. படைப்பயிற்சிக் கூடங்களில் நூற்றுக்கணக்கான கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. கூரை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

மூன்று சகோதரர்கள் வாங்கிய விடுதி

இவ்வேளையில் புனித பிரான்சிஸ்குவின் துறவிகள் மூவரைப் பற்றிச் சொல்வது கடமை. நியூயார்க் நகரின் மேற்கு 31-ஆம் தெருவில் உள்ள அசிசியார் கோயிலில் 1930-ஆம் ஆண்டுப் பஞ்ச காலந்தொட்டு ஏழையர்க்கு நாள்தோறும் காலையில் உணவு வழங்கி வருகிறார்கள். ஜான் மெக்வியன், ஜான் ஃபெலிஸ், தாமஸ் வால்டர்ஸ் என்னும் துறவிகள், அக்கோயிலின் அண்மையில் ஓர் ஒற்றையறை விடுதியில் தங்கியிருந்த முன்னாள் மனநோயாளரைச் சந்தித்து உதவி வந்தனர். அறையைப் பார்த்துக்கொள்ளுதல், மருந்தை நினைவூட்டுதல், உதவித்தொகையைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பித்தல், பேசிக்கொண்டிருத்தல் என்பன அவர்கள் செய்தவை. அவை போதுமாயிருந்தன, பலர் நிலைபெற்றனர்.

பின்னர் அந்த விடுதி சுற்றுலாப் பயணிகளுக்கென மாற்றப்பட்டது. பரிவுடன் செய்த பணியெல்லாம் உரிமையாளரின் ஒரு முடிவால் தெருவுக்கு வந்தது. இரக்கம் இருந்தும் இடம் நம்முடையதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அன்று கற்றுக்கொண்டனர். 1980-இல் கிழக்கு 24-ஆம் தெருவில் ஒரு பழைய விடுதியை விலைக்கு வாங்கி, புனித பிரான்சிஸ் இல்லம் என்று பெயரிட்டுத் திறந்தனர். ஏறத்தாழ நூறு பேருக்குத் தனித்தனி அறை. கதவுக்குச் சாவி அவரவர் கையில். மருத்துவரும் சமூகப் பணியாளரும் அதே கட்டடத்தில். அப்பத்தாண்டுக்குள் இன்னும் இரு இல்லங்கள் எழுந்தன.

மனநோயாளர்க்கு முதலில் நோய் தீரட்டும், பிறகு வீடு தரலாம் என்பதே அன்றைய பொதுக்கருத்து. வீடு இருந்தால்தான் நோய்க்கு மருந்து கொடுக்கவே முடியும் என்று இத்துறவிகள் செய்துகாட்டினர். ஆய்வாளர் பாக்ஸ்டர் அம்மையாரும் அறிக்கையோடு நிற்கவில்லை. 1986-இல் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் இத்தகைய குடியிருப்பு ஒன்றைத் தாமே எழுப்பினார். 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி சென்று, தெருவில் இருப்பவர்க்கு எந்த நிபந்தனையும் இன்றி நேரே வாடகை வீடு தரும் முறையைத் தொடங்கினார்.

அரசுகள் இணங்கிய கதை

சில இல்லங்களால் ஒரு மாநகரின் துயர் தீராது. எனவே வழக்குரைஞரும் துறவியரும் குடும்பத்தாரும் முன்னாள் நோயாளிகளும் ஒன்றுசேர்ந்து அரசை நெருக்கினர். 1990-இல் ஆளுநர் மாரியோ கூவோமோவும் மேயர் டேவிட் டிங்கின்ஸும் ஓர் உடன்படிக்கை செய்தனர். மனநோயுற்ற வீடற்றோர்க்கு 3,615 இடங்களை மாநிலமும் நகரமும் சேர்ந்து அமைப்பது என்பது அதன் சாரம். 1993-இல் மற்றொரு சட்டம் வந்தது. மூடப்படும் மருத்துவமனைப் படுக்கைகளால் மிச்சமாகும் பணம் வேறெங்கும் போகாமல் ஊர்ப்புற மனநலப் பணிக்கே திரும்ப வேண்டும் என்றது அது. 1963-இல் எழுதாமல் விட்ட வாக்கியத்தை முப்பதாண்டுகள் கழித்து எழுதிச் சேர்த்தார்கள் எனலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு என்ன என்று கேட்போர் எங்கும் உண்டு. அவர்களுக்கும் விடை கிடைத்தது. 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் வீடு பெற்ற 4,679 பேரின் பதிவுகளை டென்னிஸ் கல்கேன் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். வீடு பெறுமுன் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை, விடுதி, சிறை என்று ஆண்டுக்குச் சராசரி 40,451 டாலர் பொதுப்பணம் செலவாகியிருந்தது. வீடு தந்தபின் அச்செலவு 16,281 டாலர் குறைந்தது. வீட்டுக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவில் இக்குறைவைக் கழித்தால் ஓர் இடத்திற்கு ஆண்டுக்கு 995 டாலரே மிகுதியாயிற்று. மனிதனைத் தெருவில் விடுவதற்கும் வீட்டில் வைப்பதற்கும் செலவு ஏறக்குறைய ஒன்றே என்றால், தெருவில் விடுவதற்கு என்ன காரணம் எஞ்சியிருக்கிறது? 2005-இல் மேலும் 9,000 இடங்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

இரு பக்கமும் கூருடைய வாள்

குடிமக்கள் குரல் எப்போதும் எளியோர் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிட வேண்டா. இல்லம் அமைக்க இடம் பார்த்தபோதெல்லாம், எங்கள் தெருவில் வேண்டாம் என்று திரண்டு வந்தவர்களும் குடிமக்களே. அவர்களுள் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவோரும் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. 1978-இல் நியூயார்க் மாநிலம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. மனநலக் குழு இல்லம் அமைக்க விரும்புவோர் ஊராட்சிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். ஊராட்சி நாற்பது நாளுக்குள் ஏற்கலாம், வேறு இடம் காட்டலாம், அல்லது அப்பகுதியில் இத்தகைய இல்லங்கள் ஏற்கெனவே மிகுந்துவிட்டன என்று எதிர்க்கலாம். பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. ஊராரின் அச்சத்திற்குச் செவிசாய்த்து, ஆயின் அதற்கு அடிபணியாத ஏற்பாடு இது.

பரிந்து பேசுவோரிடையேயும் கருத்து வேற்றுமை இருந்தது. 1979-இல் விஸ்கான்சின் மாநில மேடிசன் நகரில், மனச்சிதைவுற்ற மக்களின் பெற்றோர் கூடி நாடளாவிய குடும்பத்தார் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். மருந்தை மறுத்துத் தெருவில் அலையும் மகனைக் கட்டாயமாகவேனும் மருத்துவத்திற்கு உட்படுத்துங்கள் என்று பெற்றோர் பலர் மன்றாடினர். கட்டாயத்தின் கொடுமையைப் பட்டறிந்த முன்னாள் நோயாளிகளோ, எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்றனர். நீதிமன்ற ஆணையால் வெளிநோயாளர்க்கு மருத்துவம் அளிக்கும் நியூயார்க் சட்டம் 1999-இல் வந்தபோது இவ்விரு குரல்களும் நேருக்கு நேர் மோதின. இரண்டும் துன்பத்திலிருந்து எழுந்த குரல்களே. எதனையும் எளிதில் தள்ள நம்மால் இயலவில்லை.

கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே மாவட்டந்தோறும் மனநல ஆலோசனை வாரியம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினருள் குறைந்தது பாதிப்பேர் நோயைத் தாமே அனுபவித்தவராகவோ அவர்தம் குடும்பத்தாராகவோ இருத்தல் வேண்டும். 2004-இல் பொதுமக்கள் வாக்கெடுப்பின் வழியே, பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்கு ஒரு விழுக்காடு கூடுதல் வரி விதித்து அதனை மனநலப் பணிக்கென ஒதுக்கினர். 2024 மார்ச்சில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பில், அந்நிதியில் முப்பது விழுக்காடு வீட்டு வசதிக்கே செல்ல வேண்டும் என்ற மாற்றம் மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறைவேறியது. ஊர்ப்புறப் பணிகள் குறைந்துவிடுமோ என்று அஞ்சி அதனை எதிர்த்தவர்களும் மனநோயாளர் நலனையே நாடியவர்கள் என்பதை மறக்கலாகாது.

பெற்றவை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2024 மார்ச்சில், புதிதாக வந்து குவிந்த குடியேறிகளைக் காரணங்காட்டி, அவர்களுள் தனி ஆள்களுக்கு உறைவிட உரிமையை முப்பது நாள் எனச் சுருக்கும் உடன்பாடு நியூயார்க்கில் ஏற்பட்டது. அதே ஆண்டு சூன் 28-ஆம் நாள், திறந்தவெளியில் உறங்குவோரை நகரங்கள் தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு தலைமுறை பெற்றுத் தந்ததை அடுத்த தலைமுறை காவாவிட்டால் அது கரைந்துபோகும்.

நம் கோயில் வாசற்படி

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தனியார் மனநோய் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். கெரசேனர் பகுதியின் சங்கிலி நம் கண்முன் கிடந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1993-இல், சென்னைத் தெருவில் தனித்தலைந்த பெண்களுக்காக இளம்பெண்கள் இருவர் பானியன் என்னும் இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயுடன் தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாக அதன் 100-ஆம் பிரிவு வகுத்துள்ளது. மாவட்டங்களுக்கென அமையும் மறுஆய்வு வாரியங்களில் நோயாளர், பராமரிப்போர் அல்லது தொண்டு நிறுவனத்தார் சார்பில் இருவர் அமரவும் அச்சட்டம் இடம் தந்துள்ளது.

இதனை எழுதும்போது ஒன்றை ஒளிக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்றிருந்த பங்கில், கோயில் முகப்பில் ஒரு மனிதர் படுத்திருப்பார். தமக்குள் பேசிக்கொள்வார், எவருக்கும் தீங்கு செய்ததில்லை. காலைத் திருப்பலிக்கு வரும் தாய்மார் இட்லி கொடுப்பார்கள். திருவிழாக் கொடியேற்றத்திற்கு முந்திய வாரம், ஆயர் வரும் நேரத்தில் இது நன்றாக இராது என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் காலை முகப்பு வெறுமையாக இருந்தது. இரவில் ஒரு லாரியில் ஏற்றி நெடுஞ்சாலையில் வெகுதொலைவில் இறக்கிவிட்டதாகக் கோயில்பிள்ளை மெல்லச் சொன்னார். நாம் யாரையும் அழைத்துக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் விசாரிக்கவில்லை. திருவிழா சிறப்பாக நடந்தேறியது. அவர் பெயர் என்ன என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

நெடுநாள் கழித்து, இப்போதைய பங்கில் பேருந்து நிலையத்தருகே ஒரு பெண் அவ்வாறே கிடந்தபோது, வின்சென்ட் தே பவுல் சபை அன்பர் மூவர் அந்த 100-ஆம் பிரிவின் நகலை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றனர். இது எங்கள் வேலையன்று, ஏதாவது ஆசிரமத்தில் விடுங்கள் என்றார்கள். அன்பர்கள் வாதாடவில்லை, நகலைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்கள். மாலையில் ஒரு பெண் காவலர் உடன் வர, அப்பெண் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வாரந்தோறும் ஒருவர் சென்று பார்த்து வருகிறோம். ஊர் எது என்று இன்னும் அவர் சொல்லவில்லை; ஆனால் தம் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

கெரசேனர் பகுதி மனிதன், நலம்பெற்றபின் இயேசுவோடு போக விரும்பினான். அவர் அவனைத் தம்மோடு அழைத்துச் செல்லவில்லை. அவனுடைய வீட்டிற்கே அனுப்பினார். விலங்கை நீக்கியதோடு அப்புதுமை முடியவில்லை. அவன் வீட்டு வாசலை அடைந்தபோதே அது நிறைவுற்றது. இனி வரும் திருவிழாக்களில் நம் கோயில் முகப்பில் எவரேனும் படுத்திருந்தால், முதலில் அவர் பெயரைக் கேட்போம்.